பீச்சாங்கால் அந்தோணிக்குக் கோல் விட்டவர்

செத்துப்போன ஆள்மேல் பொறாமைப்படுகிற மனுஷன் யாராவது உண்டா என்று கேட்டால் நான் கையைத் தூக்குவேன். உண்டு, எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெயர் ராஜாமணி. எனக்கு அப்பா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பண்ருட்டி மண்டியில் வேலை. என்ன வேலை என்றால், பலாப்பழம் பிடிக்கிற வேலை.

பிடிக்கிறது என்றால் நிஜமாகவே பிடிக்கிறதுதான். லாரிமேல் நிற்கிற ஆள் பழத்தைத் தூக்கிக் கீழே போடுவார். அப்பா சாக்குத்துணி சுற்றிய கையை நீட்டி, வருகிற பழத்தை நெஞ்சோடு வாங்கி, அப்படியே திரும்பி அடுக்குகிற ஆளிடம் தள்ளிவிடுவார். ஒவ்வொரு பழமும் நடக்கத் தெரிந்த பிள்ளை கனம் இருக்கும். முள் வேறு. சீசன் முடியும்போது அவர் நெஞ்சைப் பார்த்தால் அம்மை போட்டு ஆறின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் பழம் கீழே விழாது. "ராஜாமணி கைக்கு வந்த பழம் தொட்டிலுக்கு வந்த மாதிரி" என்று மண்டிக்காரரே சொல்வார்.

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள், பக்கத்தில் டீ குடிக்கிற யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்.

"ஏம்ப்பா, இம்மாம்பெரிய பழத்தப் புடிக்கிற. அன்னிக்கு அந்தோணி அடிச்ச பந்தப் புடிக்க முடில பாரு."

அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு லாரிக்குப் போய்விடுவார்.

அந்தோணி என்றால் அந்தோணிசாமி. கடலூர் முதுநகரில் பிறந்து சிதம்பரத்தில் செத்தவர். இரண்டு ஊரிலும், நடுவில் இருக்கிற எல்லா பஸ் ஸ்டாப்பிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. இடது காலில்தான் அடிப்பார், அதனால் பட்டப்பெயர் பீச்சாங்கால். பீச்சாங்கையை நம்ம ஊரில் எதற்கு வைத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையை ராஜா பட்டம் மாதிரி ஆக்கிவிட்டுப் போனார் அந்த மனுஷன். இன்றைக்கும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதாவது ஒரு பொடியன் இடது காலில் ஓங்கி உதைத்தால், ஓரத்தில் நிற்கிற பெருசுகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பந்து சாக்கடைக்குள் போயிருக்கும், அது வேறு விஷயம்.

அவரும் அப்பாவும் ஒரே டீம், உப்பனார் பாய்ஸ். அவர் முன்னால் ஓடிக் கோல் அடிப்பார். அப்பா கோலி, பின்னால் போஸ்ட்டில் நிற்பார். "முன்னால நின்னவனுக்கு மாலை, பின்னால நின்னவனுக்குக் கொசுக்கடி" என்று அப்பா சொல்வார்.

எங்கள் அம்மா விருத்தாம்பாள்கூட அந்தக் காலத்தில் அந்தோணி ரசிகைதான். எதிர் டீம் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றால் அவர் கோல் அடிப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று யாரோ சொல்லி, அங்கே போய் நிற்பார். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் பக்கம் மாறும் இல்லையா? அது அம்மாவுக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். அதனால் மீதி ஆட்டம் முழுக்க அவர் பார்த்தது அப்பாவின் முதுகை. அப்படித்தான் எங்கள் வீட்டுக் கல்யாணம் நடந்தது.

"ஒங்கம்மா அவனப் பாக்க வந்து என் முதுகப் பாத்துட்டா" என்பார் அப்பா. அம்மா ஒரு தடவையாவது 'இல்லங்க, ஒங்களத்தான் பாக்க வந்தேன்' என்று பொய் சொல்லியிருக்கலாம். சொன்னதே இல்லை.

அப்புறம் அந்தோணிக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. காட்டுமன்னார்கோயில் போகிற ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊர் மாறினதும் டீமும் மாறினார், தில்லை லெவன். அந்த வருஷம் ஐப்பசி மழையில் சிதம்பரத்தில் ஃபைனல். உப்பனார் பாய்ஸும் தில்லை லெவனும். ஆட்டம் முடியப் போகிற நேரம். அந்தோணி தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா முன்னேறிப் போய்க் காலை அகட்டி நின்றார். பந்து அவருடைய கால் சந்தில் புகுந்து உள்ளே போய்விட்டது.

தலைக்குமேல் போகிற கோல், கைக்கு எட்டாமல் மூலையில் போகிற கோல், இதெல்லாம் மானமுள்ள கோல். கால் சந்தில் போனால், கதவைத் திறந்துவைத்துத் திருடனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த மாதிரி.

அதுகூடப் பரவாயில்லை. சேற்றில் கிடந்த அப்பாவை அந்தோணி ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிவிட்டு, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, "தரை ஈரம்! இல்லன்னா ராஜாமணி புடிச்சிருப்பான்!" என்று கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தோணிக்கு என்ன மனசு பாரு என்றார்கள். அப்பாவுக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். கோலையும் அவனே அடித்தான், அதற்குச் சாக்கையும் அவனே சொல்லிக்கொடுத்தான், கைதட்டலையும் அவனே வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அப்பா அந்தச் சாக்கைத் தொட்டதே கிடையாது. அம்மா எப்போதாவது இரக்கப்பட்டு, "தரை ஈரமாத்தான இருந்துச்சு" என்று ஆரம்பித்தால் போதும்.

"ஈரமும் இல்ல, ஒரு வெங்காயமும் இல்ல. வுட்டேன். அவ்ளோதான்."

கடலூர்க்காரர்களுக்கு ஒரு விசித்திர நியாயம் உண்டு. ஊரை விட்டுப் போய் ஊருக்கு எதிராகவே கோல் அடித்தவரை மன்னித்துவிட்டார்கள். நம்ம புள்ளதான, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அதை வாங்கினவரை மட்டும் மன்னிக்கவில்லை. அந்தோணி ஆட்டத்தை விட்ட பிறகும், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து கிளம்பிச் சிதம்பரம் போய், அவர் பஸ்ஸில் ஏறி, காட்டுமன்னார்கோயில்வரைக்கும் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புகிற ஆட்கள் இருந்தார்கள். அதில் முதல் ஆள் ஜெயப்பிரகாஷ் மாமா. உப்பனார் பாய்ஸில் தண்ணீர் பாட்டில் தூக்கினவர், இப்போது ரசிகர் மன்றத் தலைவர். "படியில நிக்கும்போதுகூட பீச்சாங்கால்தான் உள்ள, மத்தது வெளிய தொங்கும். என்னா பேலன்ஸு!" என்று அவர் சொல்வதைக் கேட்டால் பஸ்ஸில் தொங்குவதும் ஒரு கலை என்று தோன்றும்.

இத்தனையும் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் எனக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது.

நான் சிந்துஜா. பிளஸ் ஒன்னில் நானும் பள்ளிக்கூடமும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுவிட்டோம். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். சின்ன வயதில் எங்கள் சந்தில் ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு அப்பாவோடு ஆடுவேன். இரண்டு செங்கல்தான் போஸ்ட். மற்ற பிள்ளைகளுடைய அப்பாக்கள் சும்மா தடுமாறுகிற மாதிரி நடித்து, பிள்ளைக்கு ஒரு கோல் விட்டுக்கொடுத்து, "அடேயப்பா!" என்பார்கள். எங்கப்பா ஒன்றுகூட விட்டதில்லை. நான் தரையில் உருண்டு அழுதாலும் விடமாட்டார். பெற்ற பிள்ளைக்கே விடாதவர், ஒரே ஒரு ஆளுக்கு விட்டார் பாருங்கள், அந்த ஆள்மேல் எனக்கும் எரிச்சல் இருக்காதா?

இந்தச் சித்திரையில் அந்தோணி செத்துப்போனார். பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. ஜெயப்பிரகாஷ் மாமா மண்டிக்குப் போன் போட்டிருக்கிறார். போனை எடுத்தவர் அங்கிருந்தே சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அப்போது ஒரு பழம் லாரியிலிருந்து கிளம்பிவிட்டது. அப்பா பிடிக்கவில்லை. பழம் தரையில் விழுந்து பிளந்து, மண்டி முழுக்க வாசனை.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "செத்தும் என் கையிலேர்ந்து ஒண்ணு வுட வெச்சிட்டான், பாத்தியா?"

சாவுக்குப் போனோம். அங்கேயும் ஷாமியானாவுக்குக் கீழே அந்தக் கோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. "தோ, அங்க நிக்கிறாரு பாரு, அவுரு கால் சந்துலதான்." சின்னப் பிள்ளைகள் வந்து அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தோணி பெயரில் நினைவுப் போட்டி நடத்துவது என்று முடிவாயிற்று. கடலூரில்தான் நடத்த வேண்டும், பிறந்த ஊர் என்று ஜெயப்பிரகாஷ் மாமா சண்டை போட்டார். உயிர் போன ஊர் இது, கோல் அடித்த ஊரும் இது என்று சிதம்பரத்துக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஃபிளெக்ஸ் மட்டும் கடலூர் செலவு. எங்கள் கடைக்கு வந்தது, என் கைக்கு வந்தது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் செத்தவருக்கு ஒரு படம், அழுகிறவர்களுக்கு ஐம்பது படம் போட வேண்டும் என்பது நம்ம ஊர் முறை. ஜெயப்பிரகாஷ் மாமா இத்தனை வருஷம் அப்பாவை ஓட்டியதற்குப் பழிவாங்க, அழுகிற வரிசையில் இருந்த அவர் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுவிட்டேன். பார்த்துவிட்டுக் கத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதையே எனக்கு வாட்ஸப்புல அனுப்பு. டிபி வெச்சிக்கிறேன்" என்றார். என் குறும்பெல்லாம் இப்படித்தான் புண்ணியமாகப் போய்விடுகிறது.

அன்று சாயந்திரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமல் காராசேவு முழுவதையும் தின்று முடித்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்கக் கூடாது."

"கேளு."

"போட்டியத் தொடங்கி வெக்கிறதுக்கு, அந்த கோல அப்படியே திரும்ப ஒரு வாட்டி அடிக்கிறதா பேசியிருக்காங்க. அந்தோணி புள்ள சேரன் அடிப்பான். பீச்சாங்கால்ல. நீ போஸ்ட்டுல நின்னா…"

"நின்னா?"

"காலக் கொஞ்சம் அகட்டி நின்னா போதும் மச்சான்."

சமையலறையில் அம்மா கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. நான் ஜெயப்பிரகாஷ் மாமாவின் செருப்பை எந்தக் கூரைமேல் எறியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, நிக்கிறேன்" என்றார் அப்பா.

மாமா வாயைப் பிளந்தார். அவர் போனதும் அம்மா வெளியே வந்தார். "இன்னாங்க, ஒடனே சரின்னுட்டீங்க? செத்தவருக்காவா?"

"செத்தவனுக்காக நான் எதுக்கு நிக்கணும்?"

மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பித் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கையுறையைத் தேடி எடுத்து வைத்திருந்தார். மணலில் இரண்டு செருப்பை போஸ்ட்டாக வைத்தார்.

"பீச்சாங்கால்ல அடி."

"எதுக்கு?"

"அடிடி, சொல்றேன்."

அடித்தேன். பிடித்தார். இன்னொன்று அடித்தேன். விழுந்து பிடித்தார். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, கடலைப் பார்த்துச் சொன்னார்.

"அதே ஊரு. அதே கிரவுண்டு. அதே ஜனம். இந்த வாட்டி புடிச்சிட்டேன்னு வெய்யி, அப்பறம் எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"சின்னப் பையன்ப்பா அடிக்கப் போறது. அதப் புடிச்சா கேவலமா இருக்காதா?"

"அவன் அப்பன் எனக்குப் பாவம் பாத்தானா? பாத்தான். அதான் பிரச்சனையே" என்றார். அப்புறம், "அடி" என்றார்.

ஆக, விஷயம் இதுதான். ஊர் கூடி அவரைக் கோல் வாங்கக் கூப்பிட்டிருக்கிறது. அவர் கோல் வாங்கப் போகவில்லை. போட்டி நாள்வரைக்கும் தினமும் போனோம். மண்டி வேலைக்கு முன்னால் கடற்கரை, கடற்கரைக்கு அப்புறம் மண்டி. நான் அடித்த ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எனக்கு ஒரு பக்கம் குஷி, அப்பா நிச்சயம் பிடித்துவிடுவார். இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். செத்தவர்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் என் பந்தில் காட்டுகிறாரே.

அந்த நாளும் வந்தது. மூன்று பேரும் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினோம். மைதானத்து வாசலில் நான் போட்ட ஃபிளெக்ஸ் நின்றது. ஜெயப்பிரகாஷ் மாமா அதற்குக் கீழே, அதே மாதிரி கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பெய்து எத்தனை நாளோ, யார் நடந்தாலும் காலடியில் புழுதி கிளம்பியது.

அந்தோணி எந்த இடத்திலிருந்து அடித்தார் என்று பெருசுகளுக்குள் சண்டை. கடலூர்க்காரர்கள் ஓர் இடத்தில் சுண்ணாம்பு போட்டார்கள். சிதம்பரத்துக்காரர்கள் அதை அழித்துவிட்டு இன்னும் தள்ளிப் போட்டார்கள். தூரம் கூடினால் அந்தோணியின் பெருமை கூடும் இல்லையா? "ராஜாமணியக் கேளுங்கய்யா, அவருக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்" என்றார் ஒருத்தர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா போய், இரண்டு சுண்ணாம்புக்கும் நடுவில் காலால் ஒரு கோடு கிழித்துவிட்டுத் திரும்பி வந்தார். சண்டை அதோடு முடிந்தது.

போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் அப்பா உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கேனைத் திறந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் சேரன் வந்தான். என் வயதுதான் இருக்கும். பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் அப்பாவின் தில்லை லெவன் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். முழங்கால்வரைக்கும் தொங்கியது.

"தண்ணி கெடைக்குமா?"

கொடுத்தேன். குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் விழுந்தது.

"என்னா, இப்பவே ஈரம் பண்ற? எங்கப்பாவுக்குச் சாக்கு ரெடி பண்றியா?" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு லெஃப்ட்டு வராது. நான் ரைட்டு. ரைட்டுலயே ஒழுங்கா வராது. சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. அந்தோணி புள்ளைக்கு எப்படி வராம போவும்னு சிரிக்கறாங்க."

"ஒங்கப்பா சொல்லித் தரலியா?"

"எங்க? அவுரு ஞாயித்துக்கெழமகூட பஸ்லதான். எனக்குத் தெரிஞ்சது காக்கிச்சட்டை போட்டுக்கினு வந்து தூங்கற அப்பாதான். இங்க காலையிலேர்ந்து ஆளாளுக்கு வந்து அவரப் பத்தி என்கிட்டயே கத சொல்றாங்க. எல்லாருக்கும் தெரியுது. எனக்கு ஒண்ணுகூடத் தெரியல. நான் அவர் ஆடிப் பாத்ததே இல்ல." சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னான். "இவங்களையெல்லாம் பாத்தா எனக்குப் பத்திக்கினு வருது."

எனக்கு அந்த எரிச்சல் நல்லாப் பழக்கமானது.

அவன் அம்மா ஆரோக்கியம்மாள் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. அப்பாவைப் பார்த்து நின்றார். "அண்ணே, வந்துட்டீங்களா? இவன் நேத்துலேர்ந்து ஒழுங்கா சாப்பிடல. தப்பாப் போயிட்டா இன்னா பண்றதுன்னே பொலம்பறான்."

"போம்மா. ஒண்ணும் ஆவாது" என்றார் அப்பா. தலை நிமிராமல் கையுறைப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கினதையே அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து போஸ்ட்டுக்குப் போனார். அம்மா போஸ்ட்டுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். சொல்லிக் கொடுக்காமலே கால் அங்கேதான் வந்து நின்றது போல. "முதுகு மட்டும் அப்படியே கீது" என்றார்.

மைக்கில் பேசினவருக்கு அன்றைக்குத்தான் ஜென்ம சாபல்யம். "இதோ! அதே இடம்! அதே கோல்கீப்பர்! அந்தோணியின் வாரிசு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மைதானம் முழுக்கப் "பீச்சாங்கால்! பீச்சாங்கால்!" என்று ஒரே சத்தம். அப்பா காலை அகட்டி நின்றார். ஊருக்கு அது பழைய நாடகம். எனக்கு மட்டும் அவர் முழங்கால் லேசாக மடங்கியிருந்தது தெரிந்தது. பாய்வதற்குத் தயாராக இருக்கிற முழங்கால் அது. கடற்கரையில் தினமும் பார்த்தேனே. பிடி அப்பா, பிடி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

சேரன் ஓடி வந்தான். அந்தச் சட்டை அவன் காலைத் தட்டியது. இடது காலை வீசினான். கால் பந்தின்மேல் சரியாகவே படவில்லை. பந்து ஒரு பக்கமாகக் கிளம்பி, போஸ்ட்டுக்கு வெளியே போகிற பாதையில் உருண்டது. அவசரமே இல்லாமல், கோயில் மாடு போகிற மாதிரி போனது.

மைதானத்தில் சத்தம் அப்படியே அணைந்தது. சேரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அப்பா ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். பந்து தானாக வெளியே போகும். அந்தோணி பிள்ளை விட்டுவிட்டான், ராஜாமணி மானத்தோடு நின்றார் என்று ஊர் பேசும்.

அப்பா பாய்ந்தார். ஐம்பது வயது உடம்பு முழு நீளத்துக்குக் காற்றில் படுத்து, வெளியே போகிற பந்தின்மேல் விழுந்தது. புழுதி எழுந்தது. முன்னால் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வெளியே போகிற பந்தைத் தேவையில்லாமல் பிடிக்கப் போய், கையை விட்டு நழுவ விட்டார். பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போனது.

பின்னால் இருந்து பார்த்தது நானும் அம்மாவும் மட்டும்தான். கை பந்துக்கு அந்தப் பக்கம் போய், அதை வாங்கி, நெஞ்சுக்கு இழுத்து, அப்படியே உள்ளே தள்ளியது. பலாப்பழத்தை வாங்கித் தள்ளுகிற அதே கை.

மைதானம் இரண்டாகப் பிளந்தது. "கோல்!" வெடி வெடித்தார்கள். சேரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். பெருசுகள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள். "அப்பனுக்குப் புள்ள தப்பாம பொறந்துருக்கான்யா!" ஆரோக்கியம்மாள் ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது. ஒரு கோல்! சந்தில் உருண்டு உருண்டு அழுதேனே, எனக்கு விட்டாரா? இந்தச் சட்டை தொங்குகிற பையனுக்கு, அதுவும் வெளியே போகிற பந்தைத் தேடிப் போய்ப் பிடித்து உள்ளே போட்டுக் கொடுக்கிறார்!

தோளிலிருந்து இறங்கி சேரன் அப்பாவிடம் ஓடி வந்தான். கைகொடுத்துத் தூக்கினான். "மாமா, அது வெளிய போன பந்துதான…" என்று ஆரம்பித்தான்.

"யார் சொன்னது? போ, போ. ஒங்கம்மாவப் பாரு" என்று அவனை முதுகில் தட்டி அனுப்பினார்.

அதற்குள் ஜெயப்பிரகாஷ் மாமா கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"இன்னா மச்சான், இந்த வாட்டியும் வுட்டுட்டியே! கால் சந்த மூடிக்கினு கையில வுட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா புழுதியைத் தட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார். இப்போது அந்த வெங்காயத்தைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தரை ஈரம்டா" என்றார்.

மாமா குனிந்து தரையைப் பார்த்தார். வெடித்துக் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, கூட்டத்தைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோப்பையெல்லாம் கொடுத்து முடித்து, ஷாமியானா பிரிக்க ஆரம்பித்தபோது மைதானம் காலியாகியிருந்தது. அப்பா போஸ்ட்டில் சாய்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய், அவர் காலால் கிழித்த கோட்டில் வைத்தேன்.

"இன்னா?" என்றார்.

"நில்லு."

"இடுப்பு வலிக்குது பாப்பா."

"அவனுக்கு நின்ன இல்ல? எனக்கும் நில்லு."

நின்றார். ஓடி வந்து, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த எரிச்சல் எல்லாவற்றையும் இடது காலில் ஏற்றி உதைத்தேன். மூலைக்குத்தான் போனது. நல்ல அடி. அந்தோணியே பார்த்தாலும் நல்ல அடி என்றுதான் சொல்லியிருப்பார். அப்பா பாய்ந்து, நுனி விரலால் தட்டி வெளியே விட்டார். விழுந்து, 'அய்யோ அம்மா' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பல் எல்லாம் தெரிந்தது.

"அவனுக்கு வுட்ட, எனக்கு ஏன் வுடல?" என்று கத்தினேன்.

"நீ கோலி பொண்ணு. ஒனக்கு எதுக்கு வுடணும்?" என்றார். எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு. மடியில் என் பை. பை கொஞ்சம் உப்பலாக இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது அப்பாவுக்குப் போன் வந்தது. ஜெயப்பிரகாஷ் மாமா. கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது.

"மச்சான், அந்தப் பந்தக் காணோம்! கண்ணாடிப் பெட்டியில வெக்கிறதா பேசியிருந்தோம். கடைசியா நீங்கதான் அங்க இருந்தீங்களாம். எங்கன்னா பாத்தியா?"

அப்பா என் பையைப் பார்த்தார். நான் வெளியே முந்திரித் தோப்பைப் பார்த்தேன்.

"பந்தா?" என்றார் அப்பா. "என் கையில என்னிக்குடா பந்து நின்னுது?"